"எனக்கு எதுவும் வேண்டாம்" என்று சொல்வதற்கு முன்

நானும் என் துணையும் திருமண வாழ்க்கையை முடித்துப் பிரிவது என்று முடிவான அன்று நான் சொன்னது இதுதான்: "எனக்கு எதுவும் வேண்டாம், விட்டால் போதும்." அதன்பின் இதே நிலையில் இருந்த பலரிடம் பேசியிருக்கிறேன். ஆண்களும் பெண்களும் இதையேதான் சொல்கிறார்கள். தன்மானம் போலத் தெரியும். உண்மையில் அது களைப்பு. அந்த "எதுவும்" என்பதற்குள் எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு கடன், எந்தக் காப்பீடு இருக்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரியாததை விட்டுக்கொடுத்தேன்.

வேண்டாம் என்பதை ஆறு மாதம் கழித்தும் சொல்லலாம். எழுத்தில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது கடினம். அதனால் முதலில் பிரதி எடுங்கள். வங்கி அறிக்கைகள், வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, கடன் ஒப்பந்தம், வீட்டுப் பத்திரம், காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு எல்லாவற்றுக்கும். ஒரே வீட்டில் இருக்கும்போது அலமாரியைத் திறந்தால் கிடைக்கிற தாளுக்கு, வெளியே வந்த பிறகு வக்கீல் மூலம் கடிதம் எழுத வேண்டியிருக்கும். ஆனால் துணையின் மின்னஞ்சலையோ போனையோ திறந்து எடுக்காதீர்கள். அது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் இதெல்லாம் அப்புறம். முதலில் பத்திரமாக வெளியேறுங்கள். தாள்களைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

என்னை அதிகம் சுட்டது கூட்டுக் கடன். இருவரும் சேர்ந்து வாங்கிய கார் கடனை இனி என் துணையே கட்டுவதாகப் பிரிவு ஒப்பந்தத்தில் எழுதினோம். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, வேலை போய்விட்டது. நான்கு தவணை நின்றதும் வங்கியிலிருந்து எனக்குப் போன் வந்தது. ஒப்பந்தத்தைக் காட்டினேன். அது உங்கள் இருவருக்கும் இடையிலானது, எங்களுக்கு உங்கள் கையெழுத்து இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். கூட்டாகக் கையெழுத்திட்ட கடனில் ஆளுக்குப் பாதி என்ற பேச்சே பொதுவாக இல்லை. ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. யார் கட்ட வேண்டும் என்று நீதிமன்றமே பிரித்துக் கொடுத்தாலும், நான் கட்டிய பணத்தை அவரிடம் கேட்க அது உதவுமே தவிர, வங்கி என்னைக் கேட்பதை நிறுத்தாது. தாமதமான ஒவ்வொரு தவணையும் என் கடன் வரலாற்றிலும், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறேனா என்ற பதிவிலும், ஏறியது. எனவே கூட்டுக் கடனை அடைத்து முடியுங்கள், அல்லது ஒருவர் பெயரில் புதுக் கடனாக மாற்றுங்கள், அல்லது உங்களை விடுவித்ததாக வங்கியிடமே எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. கிரெடிட் கார்டில் கூடுதல் கார்டு கொடுத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

வீட்டைப் பற்றி நான் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. ஒருவருக்கு வீடு, மற்றவருக்கு அதே மதிப்புள்ள சேமிப்பு என்று பிரிப்பது தாளில் சமமாகத்தான் தெரியும். ஆனால் வீட்டுக்குத் தவணை, வரி, பழுதுபார்ப்பு என்று மாதாமாதம் செலவு உண்டு, அதுவும் இனி ஒரே சம்பளத்தில். அவசரத்துக்கு ஒரு அறையை மட்டும் விற்க முடியாது. ஓய்வூதியச் சேமிப்பிலும் எடுக்கும்போது வரி போகலாம். எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். குழந்தைகளுக்காக வீட்டை விடமாட்டேன் என்ற மனது எனக்குப் புரிகிறது, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தவணை கட்ட முடியாத வீட்டில் குழந்தைகளும் நிம்மதியாக இருக்க முடியாது.

கூட்டுக் கணக்கில் பெரும்பாலும் இருவரில் யார் வேண்டுமானாலும் முழுப் பணத்தையும் எடுக்கலாம். பயந்துபோய் நீங்கள் முந்திக்கொண்டு காலி செய்யாதீர்கள், நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்று மாற்ற முடியுமா எனக் கேளுங்கள். சம்பளத்துக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள், மற்ற கணக்குகளின் சாவி அதுதான். ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது என்றும் பாருங்கள். காப்பீட்டிலும் சேமிப்பிலும் இருக்கிற நாமினி பெயர் பல இடங்களில் தானாக மாறாது, நாம்தான் மாற்ற வேண்டும். துணையின் மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் அது எந்த நாளில் முடிகிறது என்று கேட்டு வையுங்கள்.

வக்கீலிடம் போகும்போது வரவு செலவையும் கேள்விகளையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என் வக்கீல் நேரத்துக்குக் கட்டணம் வாங்குபவர், நான் அங்கே அழுத அரைமணி நேரத்துக்கும் பில் வந்தது. அழுவதற்கு ஒரு நண்பரை வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் ஒருவர் வேண்டும்.

எந்தெந்தக் கடனில் உங்கள் பெயர் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியவில்லையா? கடன் வரலாற்று அறிக்கை கிடைக்கும் நாட்டில் இருந்தால், இந்த வாரமே வாங்கி வரிவரியாகப் படியுங்கள்.