காட்டுக்குள் வழிகாட்ட உரிமம்: யார் பெயரில்?

பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் சுற்றுலாத் தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆனைமலைக் காட்டுக்குள் ஆட்களை அழைத்துச் சென்று காட்டும் தொழிலுக்கு அனுமதி எங்கே வாங்குவது? வேன் இருக்கிறது, ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறது, பறவையின் குரலை வைத்தே பெயர் சொல்லும் பையன்கள் இருக்கிறார்கள், இன்ஸ்டாகிராமில் பக்கம்கூடத் தொடங்கியாயிற்று. பர்மிட் ஒன்றுதான் பாக்கி என்கிறார்கள். அந்த ஒன்று கிடைக்காது. தனியார் ஒருவர் விண்ணப்பித்துப் பெறக்கூடிய அப்படியொரு பர்மிட் இங்கே இல்லை. இல்லாமல் இருப்பதில் பாதி நியாயம், பாதி அநியாயம் என்பது என் கருத்து. அந்த அநியாயமான பாதி யாரைப் பாதிக்கிறது என்பதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் சட்டம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. வன உயிரின ஆய்வு, புகைப்படம் எடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவருடன் முறையான கொடுக்கல் வாங்கல் ஆகிய காரணங்களுக்காகத் தலைமை வன உயிரினக் காப்பாளர் நுழைவு அனுமதி வழங்கலாம் என்கிறது 28ஆம் பிரிவு. 35ஆம் பிரிவின் வழியாக இவை இரண்டும் தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். இந்தப் பட்டியலைக் கவனித்துப் பார்த்தால், அனுமதி என்பது உள்ளே போகிறவருக்கானது என்பது விளங்கும். அவரை அழைத்துப் போகிறவரின் தொழிலைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் கிடையாது. சுற்றுலாப் பயணி சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறார், வழிகாட்டி தெரியவில்லை.

ஆனைமலையில் இதற்கு மேலும் ஓர் அடுக்கு இருக்கிறது. கரியன் சோலை, புல்மலை, மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு ஆகியவற்றைச் சேர்த்துச் சுமார் 117 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989ஆம் ஆண்டில் இந்திரா காந்தி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று அது ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் மையப் பகுதிக்குள் அடங்கியிருக்கிறது. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்ததும், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்ட பிறகு அந்தத் தடை விலகியதும் பலருக்கு நினைவிருக்கலாம். மையப் பகுதியில் அதிகபட்சம் 20 விழுக்காட்டுப் பரப்பில் மட்டும், அதுவும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சுற்றுலா என்பது அந்த நெறிகளின் அடிப்படை. ஒவ்வொரு காப்பகத்துக்கும் உள்ளூர் ஆலோசனைக் குழு வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. அப்படியொரு குழு இருக்க வேண்டும் என்பதே பொள்ளாச்சியில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்தது குரங்கணி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்தின் அந்த மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து வந்த குழுவோடு, நம் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து போனவர்களும் அதில் சிக்கினார்கள். அதன்பிறகுதான் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அதே ஆண்டில் தமிழக அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையின் கீழ் இயங்கும் தமிழ்நாடு வன அனுபவங்கள் கழகத்தின் வழியாக, 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகள் ‘டிரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் திறக்கப்பட்டன. டாப்சிலிப், மானாம்பள்ளி, ஆழியாறு, வெள்ளியங்கிரி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். பழைய நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முன்பெல்லாம் அனுமதி என்பது யாருக்கு எந்த அதிகாரியைத் தெரியும் என்பதைப் பொறுத்திருந்தது.

ஆனால் அந்த வழிகாட்டி யார்? ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் என ஆறு பழங்குடிச் சமூகங்கள் வாழ்கின்றன. கோழிகமுத்தி யானை முகாமில் பாகன்களாகவும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளாகவும் இருப்பவர்களில் பெரும்பாலோர் மலசர். வேட்டைத் தடுப்புக் காவலர் என்ற தற்காலிக வேலையில் இரவும் பகலும் காட்டில் நடப்பவர்களும் இச்சமூகங்களின் இளைஞர்களே. சிங்கவால் குரங்குக் கூட்டம் எந்த மரம் பழுக்கும்போது எந்தச் சரிவுக்கு வரும், இருவாச்சி கூடு கட்டும் பொந்து எது, ஒற்றை யானை நிற்கிறது என்பதைப் பார்ப்பதற்கு முன்பே எப்படி அறிவது என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு ஒரு தாள்கூட இல்லை. துறை கூப்பிடுகிற நாளில் அவர் வழிகாட்டி. கூப்பிடாத நாளில் மீண்டும் கூலிக்காரர். பத்து ஆண்டுகள் வழிகாட்டியவர் நாளை வேறொரு வனச்சரகத்துக்குப் போய் நின்றால், அந்தப் பத்து ஆண்டுகளை நிரூபிக்க அவர் கையில் எதுவும் இருக்காது. வங்கியில் கடன் கேட்கும்போது தொழில் என்ன என்று எழுதும் கட்டத்தில் அவர் எதை எழுதுவார்?

எனக்குத் தெரிந்த மலைக் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்த இளைஞர், தன்னைப் பதிவுபெற்ற வழிகாட்டியாக ஏற்குமாறு ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். மனுவை வாங்கிக்கொண்டார்கள், வாங்கியதற்கு ரசீது தரவில்லை. பிறகு போய்க் கேட்டபோதெல்லாம் “ஃபைல் மேல போயிருக்குதுங்க, வந்தாச் சொல்றமுங்க” என்ற மரியாதையான பதில்தான் கிடைத்தது. மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. மறுத்து எழுத்தில் கொடுத்திருந்தால் மேல்முறையீட்டுக்காவது வழி இருந்திருக்கும். அந்த அலுவலரைக் குறை சொல்லி என்ன பயன்? எந்த விதியின் கீழ் அந்த மனுவைப் பரிசீலிப்பது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இந்த இடத்தில் பொள்ளாச்சி நண்பர்கள் ஒரு தீர்வு சொல்கிறார்கள். தனியார் நிறுவனங்களுக்குத் திறந்துவிடுங்கள், போட்டி வந்தால் தரம் தானாக உயரும், உள்ளூர் ஆட்களுக்கு வேலையும் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். நான் இதை ஏற்கவில்லை. தனியார் சுற்றுலா காட்டோரத்தில் என்ன செய்யும் என்பதற்கு நாம் தூர தேசம் போகத் தேவையில்லை. நீலகிரியின் மசினகுடியைப் பார்த்தால் போதும். அங்கே சீகூர் யானை வழித்தடத்தில் முளைத்த விடுதிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020இல்தான் தீர்ப்பு வந்தது. எரியும் டயரை வீசியதால் ஒரு யானை 2021இல் அங்கேதான் செத்தது. நிறுவனத்துக்கு முதலீடு இருக்கும், வட்டி இருக்கும், வாரக்கடைசியில் அறைகளை நிரப்பியாக வேண்டிய கட்டாயம் இருக்கும். இத்தனையையும் சுமக்கிறவர் ‘இன்று யானை நடமாட்டம் இருக்கிறது, போக வேண்டாம்’ என்று சொல்ல மாட்டார். சொல்கிற வழிகாட்டியை அடுத்த வாரம் கூப்பிடவும் மாட்டார். காட்டுக்குள் மனிதன் கால் வைக்கவே கூடாது என்போரிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் காட்டிலேயே பிறந்து வாழ்கிறவர்களை அவர்கள் எங்கே வைக்கிறார்கள் என்பதற்கு இதுவரை தெளிவான பதில் கேட்டதில்லை.

ஆக, உரிமம் வேண்டும். அது நிறுவனத்தின் பெயரில் இருக்கக் கூடாது. வழிகாட்டியின் பெயரிலேயே இருக்க வேண்டும். என் நிலைப்பாடு இதுதான்.

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் இதற்கு எழுதிவைத்த முறை ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் ‘கமர்ஷியல் யூஸ் ஆதரைசேஷன்’ என்ற வணிகப் பயன்பாட்டு அனுமதியைப் பூங்கா நிர்வாகம் சிறு வழிகாட்டிகளுக்கும் வழங்குகிறது. அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள்தான் அதன் ஆயுள். புதுப்பிப்பதில் யாருக்கும் முன்னுரிமை கிடையாது. விபத்துப் பொறுப்புக்கான காப்பீடு கட்டாயம். அங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது என்று நான் கருதுவது அதன் வெளிப்படைத்தன்மையை மட்டுமே. படிவம் என்ன, கட்டணம் என்ன, நிபந்தனை என்ன என்பது விண்ணப்பிக்கும் முன்பே தெரியும். மற்றபடி, அங்கே பணமும் காப்பீடும் உள்ள எவரும் விண்ணப்பிக்கலாம். அந்தக் காட்டில் பிறந்தவர் என்பதற்காக அந்த முறை தனி இடம் எதுவும் ஒதுக்குவதில்லை. அதை அப்படியே இங்கே இறக்கினால் கோயம்புத்தூரிலிருந்து வரும் முதலாளிதான் வரிசையில் முதலில் நிற்பார்.

நமக்கு ஏற்ற முன்மாதிரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில், காட்டில் லவங்கப்பட்டை திருட்டாக உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களையே ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவாகத் திரட்டி வழிகாட்டிகளாக்கினார்கள். பறம்பிக்குளத்திலும் பழங்குடியினரின் குழுக்கள் வழியாகவே சுற்றுலா நடக்கிறது. சேத்துமடை, டாப்சிலிப் தாண்டி ஆனப்பாடி சோதனைச்சாவடிக்குள் போனவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும். நம் கோவை மாவட்டத்திலேயே காரமடை வனச்சரகத்தின் பரளிக்காட்டில், பில்லூர் அணை நீர்ப்பரப்பில் பரிசல் ஓட்டுவதும், மதியச் சாப்பாடு சமைத்துப் பரிமாறுவதும் அந்த ஊர்ப் பழங்குடி மக்கள்தான். முன்பதிவு இல்லாமல் போக முடியாது, கூட்டத்துக்கு வரம்பு உண்டு. யாரும் அதைப் பெரிய சீர்திருத்தம் என்று கொண்டாடவில்லை. நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இவற்றிலும் ஒரு குறை உண்டு. அனுமதி குழுவின் பெயரில் இருப்பதால், குழுவை நடத்தும் அதிகாரி மாறும்போது எல்லாம் மாறிவிடுகிறது. அக்கறையுள்ள ரேஞ்சர் இருக்கும்வரை நன்றாக நடக்கும். அடுத்தவர் வந்ததும் படகு ஓடாமல் கரையிலேயே நின்றுவிடும். ஆகவே குழுவுக்கு அனுமதியும், அதில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனி உரிமமும் என இரண்டும் வேண்டும். பெயர்களைக் குடியிருப்பின் கிராம சபையே பரிந்துரைக்கட்டும். சமூக வனவளத்துக்குள், அதாவது ஊர் மக்கள் வழிவழியாகப் பயன்படுத்திவரும் காட்டுக்குள், யார் வரலாம் என்பதை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்கெனவே கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. மலைக் குடியிருப்புகளுக்கு முதல் உரிமை, அடுத்து சேத்துமடை, ஆழியாறு போன்ற அடிவார ஊர்களுக்கு. பயிற்சிக்கு அட்டகட்டியில் துறையின் சொந்தப் பயிற்சி மையமே இருக்கிறது. தேர்வு எழுத்துத் தேர்வாக இருந்தால் காடறிந்த மூத்தவர்கள் அத்தனை பேரும் தோற்பார்கள். காட்டிலேயே நடத்திப் பார்த்து, முதலுதவி தெரிகிறதா என்று சோதித்துக் கொடுக்கலாம். விபத்துக் காப்பீட்டுக்கான தவணையைப் பயணியின் கட்டணத்திலிருந்து எடுக்க வேண்டும். வழிகாட்டியின் கூலியிலிருந்து பிடிக்கக் கூடாது. ரத்து செய்வதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு ஒருவர் இருக்க வேண்டும்.

உரிமம் கொடுத்தால் நாளை உரிமை கேட்பார்கள், தீக்காலத்தில் பாதையை மூடினால் நட்டஈடு கேட்பார்கள் என்று துறைக்குள் ஓர் அச்சம் இருக்கிறது. இது பொருளற்ற அச்சம் என்று நான் சொல்லமாட்டேன். கோடையில் பாதைகளை மூடுவது துறையின் அதிகாரம். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் தீக்காலத்தில்தான் தீத்தடுப்புக் கோடு வெட்டவும் கண்காணிக்கவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். உரிமம் பெற்றவர்களுக்கு அந்த மாதங்களில் அந்த வேலையை உறுதிசெய்வதாக உரிமத்திலேயே எழுதிவிடலாம்.

இத்தனைக்கும் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மலையேற்ற விதிகளை அரசு தானாகவே திருத்தலாம். காப்பகத்தின் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தில் சுற்றுலா பற்றிய பகுதியில் இதைச் சேர்க்கலாம். உள்ளூர் ஆலோசனைக் குழுவின் கூட்டத்தில் நம் சட்டமன்ற உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதைக் கேட்கலாம். அதுவரைக்கும் நாளையே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பயணிக்குத் தரும் நுழைவுச் சீட்டில் வண்டி எண்ணும் தலைக்கு எவ்வளவு என்பதும் அச்சாகின்றன. உடன் வரும் வழிகாட்டியின் பெயரையும் அதில் அச்சிட்டு, அதன் நகல் ஒன்றை அவரிடமும் கொடுத்துவிடுங்கள். இத்தனை நாள் வழிகாட்டினேன் என்பதற்கு அவரிடம் சேரும் முதல் ஆவணம் அதுவாக இருக்கட்டும்.