மொசார்ட்டுக்குக் கைதட்டிய மாமா

போன ஞாயிறு ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவர் சின்ன ஹாலில் பெரிய திரை கட்டி, நல்ல ஸ்பீக்கர் வைத்து, ஒரு மேற்கத்திய செவ்விசை ஆர்கெஸ்ட்ரா கச்சேரியின் பதிவைப் போட்டார். முதலில் மொசார்ட்டின் 20ஆம் பியானோ கான்செர்ட்டோ, அதாவது பியானோ முன்நிற்க ஆர்கெஸ்ட்ரா கூடவே வாசிப்பது; அப்புறம் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி, அது முழு ஆர்கெஸ்ட்ராவுக்கென்றே எழுதியது. இரண்டுமே பல பகுதிகளாக வரும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமாவையும் கூட்டிப்போனேன். இளையராஜா 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியதிலிருந்து, "அப்படின்னா என்னதாம்பா அது?" என்று என்னைத் துளைத்துக்கொண்டிருந்தார்.

கான்செர்ட்டோவின் முதல் பகுதி முடியப்போகும் நேரத்தில் வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். பியானோ மட்டும் தனியாகப் புறப்படும். கடென்ஸா என்பார்கள். மொசார்ட் இதை 1785இல் வாசித்தபோது கையாண்ட கடென்ஸா நமக்குக் கிடைக்கவில்லை. பிற்பாடு பீத்தோவன் எழுதிவைத்ததைத்தான் பலரும் வாசிக்கிறார்கள். மாமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். விரல் தொடையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. தனி முடிந்து மொத்தக் குழுவும் ஓங்கிச் சேர்ந்ததோ இல்லையோ, படபடவென்று தட்டிவிட்டார். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகையில் தவில் தனி கேட்டு வளர்ந்த கை, சும்மா இருக்குமா?

முன்வரிசையிலிருந்து ஒரு "ஷ்ஷ்". அதோடு ஒரு முறைப்பு. திரையில் இருக்கிறவருக்குக் கேட்டுவிடும் என்று பயந்தாரோ என்னவோ! மாமா கையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் கடைசிவரை எடுக்கவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால், மொசார்ட் அங்கே இருந்திருந்தால் மாமா பக்கம்தான் நின்றிருப்பார். 1778 ஜூலையில் பாரிஸிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், தன் சிம்பொனியின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் கைதட்டியதைப் பூரிப்போடு சொல்கிறார். இந்த இடம் பிடிக்கும் என்று தெரிந்தே எழுதினேன், அதையே கடைசியில் இன்னொரு தரம் வைத்தேன் என்கிறார். கச்சேரி முடிந்ததும் நேராகப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டாராம். பீத்தோவனின் ஏழாவது 1813இல் வியன்னாவில் அரங்கேறியபோதும், இரண்டாம் பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். நடுவில் தட்டக்கூடாது என்பதெல்லாம் பின்னால் வந்த பழக்கம்.

அதற்காக எங்கே வேண்டுமானாலும் தட்டலாம் என்று சொல்லவில்லை. நாங்கள் கேட்ட கான்செர்ட்டோவின் அதே முதல் பகுதி கடைசியில் கரைந்து கரைந்து அடங்கும்; அங்கே தட்டினால் நானே முறைப்பேன். ஆனால் மாமா அங்கே தட்டவில்லையே! சரியான இடம் பார்த்துத்தானே தட்டினார்? அத்தனை பேரில் கடென்ஸா எங்கே முடிகிறது என்று கவனித்தவர் அவர் ஒருவர்தான். முறைத்தவரின் கைபேசி இரண்டாம் பகுதியில் அடித்தது தனிக்கதை.

பஸ்ஸில் மலை இறங்கும்போது, "அந்தத் தனியை மட்டும் போடு" என்றார் மாமா. இயர்போனில் ஒன்று அவர் காதில், இன்னொன்று என் காதில். ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் தனி முடிந்தது. தட்டினார். யாரோ இறங்கக் கேட்கிறார்கள் என்று நினைத்து கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.