படம் போட வேண்டியது கணக்குக்காக, பிள்ளையின் 'ஸ்டைலு'க்காக இல்லை

"உங்க பையன் விஷுவல் லேர்னர், அவனுக்குப் படமாத்தான் சொல்லணும்." வேலூர், காட்பாடி பக்கம் பத்தாவது படிக்கும் பிள்ளையின் பெற்றோரிடம் யாராவது இப்படிச் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். விரல் ரேகையை வைத்து இதைச் சொல்லிக் காசு வாங்கும் கூத்து தனி.

பார்ப்பது, கேட்பது, படித்தெழுதுவது, செய்துபார்ப்பது என்று நாலாகப் பிரித்த 'வார்க்' முறை நியூசிலாந்தின் நீல் ஃப்ளெமிங் 1992-இல் முன்வைத்தது. பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று அதில் தெரியும். பிடித்த வழியில் நடத்தினால் கூடுதலாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நாலு உளவியலாளர்கள் அலசி எழுதிவிட்டார்கள்.

முக்கோணவியல் கணக்கு ஒன்றை எடுங்கள். கோபுர உச்சியின் ஏற்றக்கோணம், அதாவது நிமிர்ந்து பார்க்கும் கோணம், 30°. கோபுரத்தை நோக்கி 20 மீட்டர் நடந்தால் 60°. உயரம் என்ன? காதால் கேட்டுப் படிக்கிற பிள்ளையானாலும் இதற்குப் படம் போட்டே ஆகணும். பலர் 20 மீட்டரைக் கோபுர அடி வரைக்குமான தூரமாக எடுத்து 11.5 மீட்டர் என்று முடிப்பார்கள். சிலர் 30°, 60° இரண்டையும் இடம் மாற்றிக் குறிப்பார்கள். வேலூர்க் கோட்டை மதிலைத் தள்ளி நின்று பார்த்தால் தலை லேசாக நிமிர்ந்தால் போதும், அகழி ஓரம் வந்தால் கழுத்தே வலிக்கும். கிட்டே போகப் போகக் கோணம் கூடும். சரியான விடை 10√3, ஏறக்குறைய 17.3 மீட்டர்.

இதே பிள்ளைகளிடம், விலையை 20% ஏற்றிப் பிறகு 20% தள்ளுபடி தந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். "பழைய விலைதான்" என்பார்கள். இங்கே படம் அவ்வளவாக உதவாது. "எதில் 20%?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டால் 100, 120, 96 என்று பிடிபடும்.

வீட்டில் செய்ய ஒரு வழி: தீர்த்த கணக்கு ஒன்றில் கடைசி வரியை மட்டும் மறைத்துவிட்டு, அதைப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அடுத்த கணக்கில் இரண்டு வரி. பிறகு முழுதும். அது கைவந்ததும் கலந்து கொடுங்கள்: முக்கோணவியல் இரண்டு, அளவியல் ஒன்று, இருபடிச் சமன்பாடு ஒன்று. கைடில் ஒரே மாதிரி பத்து வரிசையாக இருப்பதால் கேள்வியைப் படிக்காமலே சூத்திரம் போட்டுவிடுகிறார்கள். கலந்து கொடுத்தால் முதல் வாரம் தப்பு கூடும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

11.5 என்று எழுதி வந்தால் திட்ட வேண்டாம், திருத்தவும் வேண்டாம். "அந்த 20 மீட்டர் எங்கிருந்து எதுவரைக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பென்சிலைக் கையில் கொடுங்கள்.