அந்த 66,000 ரூபாய்க் கணக்கை எழுதியது நான்தான்

எங்கள் அப்பாவின் தச்சுப் பட்டறையில் ஒரு தேக்கு நாற்காலிக்கு விலை கேட்ட ஒருவர், நாங்கள் எழுதிக் கொடுத்த கணக்குச் சீட்டை இணையத்தில் பதிவாகப் போட்டுவிட்டார். மூன்று நாளாக அந்த ஸ்கிரீன்ஷாட் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் இரண்டு பேருக்கு அது எங்கள் பட்டறைக் கணக்கு என்று தெரியாது, "அநியாயத்தைப் பாரேன்" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்கை எழுதியது நான்தான். கையெழுத்து என்னுடையது, கூட்டல் என்னுடையது, கடைசி வரியில் இருக்கிற 66,000 என்னுடையது. அதன்மேல் சிவப்பு வட்டம் போட்டு "மரம் 15,000தானாம், மீதி 51,000 எதுக்கு? பகல் கொள்ளை" என்று அந்த சார் எழுதியிருக்கிறாரே, அந்த 51,000-க்கு நான் பதில் சொல்கிறேன்.

விலை அதிகம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலேயே அந்த விலைக்கு ஒரு நாற்காலி வாங்க மாட்டோம். வேண்டாம் என்று எழுந்து போங்கள், வருத்தமே இல்லை. ஏமாற்று என்று மட்டும் சொல்லாதீர்கள். விலை அதிகம் வேறு, ஏமாற்று வேறு.

நடந்தது இதுதான். அவர் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிற எங்கள் பட்டறைக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தோடு வந்தார். அவருடைய தாத்தா ஒரு பெரிய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படம். எஸ்டேட் பங்களா வராந்தாக்களில் கிடந்த மாதிரியான நாற்காலி, பிளாண்டர்ஸ் சேர் என்பார்கள். கை இரண்டும் நீளமாக முன்னால் வந்திருக்கும், அதற்கு அடியிலிருந்து இன்னொரு கட்டையைத் திருப்பி நீட்டினால் காலைத் தூக்கி மேலே போட்டுக்கொள்ளலாம். அந்த நாற்காலி இப்போது இல்லை, அதே மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்றார். அப்பா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடக்கூட வரவில்லை. தாத்தாவின் முழங்கால் உயரத்தை வைத்து உட்காரும் உயரம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டு, ஒரு பிளைவுட் பலகையில் நாற்காலியை அதன் முழு அளவிலேயே பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். இதற்கெல்லாம் கணக்கில் ஒரு பைசா இல்லை. அந்த சார்தான் "எது எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு எழுதிக் குடும்மா" என்று கேட்டார். பிரித்து எழுதினேன். மொத்தமாக ஒரு தொகை சொல்லியிருந்தால் இன்றைக்கு யாரும் வட்டம் போட்டிருக்க முடியாது. ஒளிக்காமல் எழுதியதற்குத்தான் இந்தப் பெயர்.

சரி, 51,000. அப்பாவுக்கு நாள் கூலி 1,300, 15 நாளுக்கு 19,500. கூட வேலை செய்கிற பையனுக்கு 800 வீதம் 12,000. பிரம்பு பின்ன 5,500. பாலிஷ் 6,000. முன்கால் இரண்டையும் உருட்டிக் கடையக் கடைசலுக்குக் கொடுத்து வாங்க 1,500. பித்தளைத் திருகு, உப்புத்தாள், சில்லறைச் சாமான் எல்லாம் சேர்த்து 1,000. மீதி 5,500-இல்தான் பட்டறை வாடகை, கரண்ட், உளி ரம்பம் தேய்மானம், எங்கள் லாபம் எல்லாமே. யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கொத்தனாருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் இதே ஊரில் என்ன நாள் கூலி என்று அந்தப் பதிவில் சிரித்த 400 பேருக்கும் தெரியும். ஐம்பது வருஷமாக உளி பிடிக்கிற மனிதருக்கு 1,300 எப்படிக் கொள்ளை ஆகும்?

"ஒரு நாற்காலிக்கு 15 நாளா?" இதுவும் அங்கே யாரோ கேட்டதுதான். நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்குப் பிறகு அப்பா மனசுக்குப் பிடித்த பர்மா தேக்கு என்றால் பெரும்பாலும் பழைய வீடு இடிக்கிற இடத்தில்தான் தேடுவார். ஜார்ஜ் டவுனில் ஒரு வீடு இடிகிறது என்றால் வால்டாக்ஸ் சாலை மரவாடிக்காரர்கள் அவருக்கு போன் செய்வார்கள். அந்த உத்திரக்கட்டை நூறு வருஷம் காய்ந்த மரம், இனிமேல் முறுக்காது. ஆனால் உள்ளே துருப்பிடித்த ஆணி இருக்கும். ஒன்று தப்பினாலும் மில்லில் பிளேடு போய்விடும். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்கவே ஒரு நாள். ஆணி ஓட்டை விழுந்த பகுதி, வெடிப்பு எல்லாம் கழித்து 3 கன அடி வாங்கினால் நாற்காலியில் நிற்பது அதில் பாதி இருந்தால் பெரிசு.

அப்புறம் பின்கால். அது வளைந்து வர வேண்டும். நேர் பலகையிலிருந்து வளைவாக அறுத்துவிடலாம், அரை மணி நேர வேலை. ஆனால் வளைவு இருக்கிற இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே ஓடினால் ஒரு நாள் கனமான ஆள் சாய்ந்து உட்காரும்போது அங்கேதான் பளிச்சென்று உடையும். ரேகையும் காலோடு சேர்ந்து போகிற மாதிரி கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அட்டை வைத்து வரைய வேண்டும். அப்பா இதற்காக ஒரு கட்டையை வெயிலில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டே நிற்பார். சின்ன வயதில் அவர் வேலை செய்யாமல் நிற்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இணைப்புகளில் ஒரு இரும்பு ஆணி கிடையாது. ஒரு சட்டத்தில் துளை, இன்னொன்றில் அதற்குள் சரியாக நுழைகிற முனை, அதுதான் கழுந்து. கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், இரண்டு தட்டுத் தட்டினால் இறங்க வேண்டும், கையால் தள்ளி இறங்கினால் லூஸ், நாலு தட்டு கேட்டால் துளைச் சுவர் பிளந்துவிடும். குறுக்கே ஒரு மர முளை. அந்த முளைக்கான ஓட்டையைக் கழுந்தில் மட்டும் மயிரிழை தள்ளிப் போடுவார், முளை இறங்கும்போது அதுவே இரண்டு சட்டத்தையும் இழுத்துக் கட்டிவிடும். தேக்கில் மணல் மாதிரி சிலிக்கா இருக்கிறது, உளி முனை சீக்கிரம் மழுங்கும், தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி ஒரு நாற்காலியில் எத்தனை இணைப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

பிரம்பு பின்ன வருகிற அண்ணனுக்குக் கண் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட தொழில். பிரம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று ஆறு சுற்றுப் பின்னுவார். காய்ந்ததும் மேளம் மாதிரி விறைத்து நிற்கும். அவருடைய 5,500-ஐயும் சேர்த்துத்தான் அந்த சார் வட்டம் போட்டார். பாலிஷ் என்றால் டப்பாவிலிருந்து பிரஷ்ஷால் அடிப்பது இல்லை, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிற பிரெஞ்சு பாலிஷ். மழைக்காலத்தில் ஈரக்காற்று பட்டால் அது வெளுத்துவிடும், ஐப்பசியில் அப்பா அந்த வேலையையே எடுக்க மாட்டார்.

இப்போது அந்தப் பதிவில் யாரோ லிங்க்கோடு போட்ட "ஆன்லைனில் இதே நாற்காலி 19,000" விஷயம். அந்த லிங்க்கை நானும் பார்த்தேன். ஷீஷம் மரம். அதுவும் நல்ல மரம்தான். ஆனால் கடைக்காரர்கள் அதை ரோஸ்வுட் என்று போடுகிறார்கள், நம் ஊரில் ரோஸ்வுட் என்றால் ஈட்டி மரம். இரண்டும் ஒரே சொந்தக்கார மரங்கள், ஒரே மரம் இல்லை. 19,000 உங்களுக்குச் சரி என்றால் அதை வாங்குங்கள், அதில் உட்கார்ந்தும் நன்றாகத் தூங்கலாம். இதே நாற்காலி என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் தாத்தாவின் முழங்காலை அளந்து யாரும் அதைச் செய்யவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது புளியந்தோப்பில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் வடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தவணையில் வாங்கிய, மரத்தூளை ஒட்டிச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு அலமாரி ஊறி, ரஸ்க் மாதிரி உப்பி, கையால் பிய்த்துத்தான் வெளியே போட்டோம். கடைசித் தவணை அதற்குப் பிறகும் இரண்டு மாதம் கட்டினார். எங்கள் வீட்டில் அப்பா தன் கல்யாணத்துக்கு முன்னால் செய்த தேக்கு மேசையும் அதே தண்ணீரில்தான் கிடந்தது. நிழலில் ஒரு மாதம் காயவிட்டு, மறுபடி பாலிஷ் ஏற்றினார். இதை நான் அதன்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். அந்த அக்காவைக் குறை சொல்லவில்லை, அவர் கையில் இருந்த காசுக்கு அதுதான் கிடைத்தது. அப்படி வாங்குகிறவர்கள் யாரும் எங்களைத் திருடன் என்று சொன்னதில்லை. சொன்னது பிரம்பின் நிறம் முதற்கொண்டு கேட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எங்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனவர்.

இனி என்னைத் திட்டப் போகிறவர்களுக்கு. "உன் வியாபாரத்துக்கு விளம்பரம்" என்பீர்கள். பட்டறைப் பெயரை நான் இங்கே எங்கும் போடவில்லை. "மெஷின் இதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் செய்யுமே" என்பீர்கள். எங்களிடமும் இழைக்கிற மெஷின் இருக்கிறது, அப்பாவுக்கு மெஷின்மேல் எந்த வெறுப்பும் இல்லை. ரேகையைப் பார்க்கிற மெஷின் வந்தால் சொல்லுங்கள், கடன் வாங்கியாவது வாங்குகிறோம்.

"காட்டை அழித்து ஆடம்பர நாற்காலியா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1990-களிலேயே தனிச் சட்டம் வந்தது, அப்பா ஈட்டி வேலை எடுப்பதில்லை. தேக்கு, முன்பே சொன்னேன், இடித்த வீட்டு மரம். ஆனால் பழைய மரமும் ஒரு காலத்தில் காடுதான், அதை நான் மறுக்கவில்லை. வெட்டின மரத்தை இன்னும் நூறு வருஷம் ஓட்டுகிறோம், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

"வெள்ளைக்காரத் துரை காலை நீட்டிப் படுத்த நாற்காலிமேல் என்ன பாசம்?" என்று கேட்டவருக்குத்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. துரை படுத்தார், சரி. செய்தது யார்? 17-ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையில் கருங்காலி மரத்தில் செதுக்கிய நாற்காலிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. நூறு வருஷம் கழித்து இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் என்கிற பிரபு வீட்டுப் பிள்ளை அவற்றைத் தேடித் தேடி வாங்கினார், அவை தன் நாட்டு டியூடர் ராஜாக்கள் காலத்து நாற்காலிகள் என்று நம்பி. இந்தக் கரையில் ஒருவன் உட்கார்ந்து செதுக்கினான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கும் செய்தவன் பெயர் இல்லை. இன்றைக்கும் கூலி என்று ஒரு வரி எழுதினால் அதற்கு வட்டம் போடுகிறார்கள்.

எங்கள் தாத்தா பெரம்பூரில் ரயில்வே ஒர்க்ஷாப்பில் மர ரயில் பெட்டிகளுக்குத் தச்சு வேலை பார்த்தவர். 1955-இல் அதே பெரம்பூரில் ஐசிஎஃப் என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது, பெட்டி இரும்பாகிவிட்டது. தாத்தா சாகும் வரைக்கும் ரயிலில் ஏறினால் ஜன்னல் சட்டத்தைத் தடவிப் பார்ப்பார். அவர் கை அப்பாவுக்கு வந்தது. அப்பாவின் கை யாருக்கும் வரவில்லை. எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று பத்தாவது படிக்கும்போது கேட்டேன், பொண்ணுக்கு எதுக்கு உளி என்று கணக்கு நோட்டைக் கொடுத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. இப்போது கூட இருக்கிற பையனும் அடுத்த மாதம் டெலிவரி வேலைக்குப் போகிறான். 800 ரூபாய் அவனுக்குப் போதவில்லை. நீங்கள் கொள்ளை என்று சொல்கிற அதே 800.

அப்பாவிடம் அந்தப் பதிவைக் காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தேன். பக்கத்துக் கடைக்காரர் காட்டிவிட்டார். அப்பா கோபப்படவில்லை. "ஏம்மா, மரத்து விலைய ஏன் முதல்ல எழுதின?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "வுடும்மா, வேணாம்னா வேணாம்" என்றார்.

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குப் பட்டறைக்குப் போனால் விளக்கு எரிகிறது. அந்த நாற்காலியின் நீளக் கை இரண்டையும் இழைத்துக்கொண்டிருக்கிறார். அட்வான்ஸ் திங்கட்கிழமை தருகிறேன், வேலையை ஆரம்பிங்க என்று அந்த சார் சொன்ன வார்த்தையை நம்பி அன்றைக்கே மரம் அறுத்திருந்தார். இனி யாருக்குப்பா இது என்று கேட்டேன். "பின்கால் நல்லா வந்திருக்கு, பாரு" என்றார்.

பிரம்பு அண்ணன் வியாழக்கிழமை வருகிறார். முடிந்ததும் படம் போடுகிறேன்.