ஆமாங்க, கல்யாண ஆல்பம்தான்

நம்ம வேலூர்ல ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நடந்தது இங்க பாதிப் பேருக்குத் தெரியும், பேர் சொல்லப் போறதில்ல. "ஒரே டால்பினை அம்பது வருஷமா போட்டோ எடுத்தா அது ஆராய்ச்சியா, கல்யாண ஆல்பமா?"ன்னு பெரியவர் மைக்ல கேட்டாரு. அரங்கமே சிரிச்சுது. டால்பினை வருஷா வருஷம் போட்டோ எடுத்து, ஒவ்வொண்ணா அடையாளம் வச்சுக் கணக்கெடுக்கறதைப் பத்திப் பேச வந்த பொண்ணு லேப்டாப்பை மூடிட்டு உக்காந்துடுச்சு. திருப்திதானே?

சரிங்க, ஆல்பம்தான். எப்படி எடுக்கறாங்கன்னாவது கேட்டுட்டுச் சிரிச்சிருக்கலாம். முதுகுத் துடுப்போட பின் ஓரத்துல இருக்கற வெட்டும் பிசிறும்தான் அடையாளம். படகை டால்பின் கூட்டத்துக்குப் பக்கவாட்டுல மெதுவா ஓட்டிக்கிட்டே, துடுப்புக்கு நேர் குறுக்கா வர்றப்ப எடுக்கணும். கோணம் சாய்ஞ்சா வெட்டு மறைஞ்சுடும். சூரியன் எதிர்ல இருந்தா கீறல் தெரியாம மொத்தமும் கறுப்பா நிக்கும். மங்கலான படத்தைத் தயவு தாட்சண்யம் இல்லாம கழிச்சிடணும். ஏன்னா பழைய டால்பினை அடையாளம் தெரியாம விட்டா, அது புதுசுன்னு கணக்குல ஏறிடும். குறைஞ்சுக்கிட்டே வர்ற கூட்டத்தை நல்லா இருக்குன்னு நம்பிட்டு இருப்போம். ரெண்டு வருஷம் எடுக்காம விட்டாலும் இதே வம்புதான், அதுக்குள்ள புது வெட்டு விழுந்திருக்கும். குட்டிக்குத் துடுப்பு வழவழன்னு இருக்கும், எந்த அம்மாவை ஒட்டி நீந்துதுன்னு பாத்துத்தான் எழுதணும்.

அதனாலதான் விடாம எடுக்கணும்ங்கறது.

புளோரிடாவுல சரசோட்டா விரிகுடாவுல டால்பின் ஆராய்ச்சியை 1970ல ஆரம்பிச்சாங்க, இன்னும் நடக்குது. டால்பின் ஆராய்ச்சியாளர் ராண்டல் வெல்ஸ் பள்ளிக்கூடப் பையனா அதுல சேர்ந்தவரு. அங்க பெண் டால்பின் 60 வயசு தாண்டியும் வாழ்ந்திருக்கு. குட்டி 3லேர்ந்து 6 வருஷம் அம்மா கூடவே சுத்தும். மூணு வருஷ புராஜெக்ட்ல என்னத்தப் பாப்பீங்க? தாயோட கொழுப்புல சேர்ந்த பிசிபிங்கற நச்சு ரசாயனம் பால் வழியா முதல் குட்டிக்கு இறங்குது, தலைச்சன் குட்டிங்கதான் அதிகமா சாகுதுன்னு அங்கதான் கண்டாங்க. எது தலைச்சன்னு யாருக்குத் தெரியும்? ஆல்பம் வச்சிருக்கறவங்களுக்குத்தான்.

"மீனவன் வயிறு முக்கியமா, டால்பின் முக்கியமா?"ன்னு வருவீங்க. நியாயமான கேள்விதான். ஆனா அமெரிக்காவுக்குக் கடல் மீன் ஏத்துமதி பண்ணணும்னா, வலையில எத்தனை கடல் பாலூட்டி சிக்குதுன்னு அவங்க கணக்குக் கேக்கறாங்க, 2016லயே விதி போட்டாச்சு. மொத்தம் எத்தனை இருக்குன்னே தெரியாம, சிக்கினது கம்மியா ஜாஸ்தியான்னு எப்படிச் சொல்லுவீங்க? கணக்கு இல்லன்னா அடி வாங்கப் போறது மீனவர்தான், அரங்கத்துல சிரிச்சவங்க இல்ல. "வெளிநாட்டுக் காசு"ன்னு கிளம்பறவங்களுக்குப் பதில் சொல்ற மனநிலையில நான் இல்ல.

அப்புறம் அந்தக் கடைசி டயலாக்: "வேலூர்ல ஏதுய்யா கடல்?" பாலாறு எங்க போய்ச் சேருது சார்? கல்பாக்கத்துக்குத் தெற்க, வயலூர்ல. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷாப்புக் கழிவைச் சுமந்த ஆறு அது. 2021 வெள்ளத்துல கரை புரண்டு ஓடுனப்போ பாலத்துல நின்னு செல்ஃபி எடுத்தோமே, அந்தத் தண்ணியெல்லாம் கடலுக்குத்தான் போச்சு. தோல் பதனிடற குரோமியம் வேற, பிசிபி வேற, எனக்கும் தெரியும், கமெண்ட்ல பாடம் எடுக்க வராதீங்க. ஆம்பூர்ல எங்க பெரியம்மா வீட்டுக் கிணத்துத் தண்ணியை வாயில வைக்க முடியாது. எந்த வருஷத்துலேர்ந்து இப்படி, எவ்வளவு ஏறுச்சுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் கையிலயும் எழுதி வச்ச நோட்டு கிடையாது. வருஷா வருஷம் அந்தத் தண்ணியை அளந்து எழுதி வச்சவன் ஒருத்தன் இருந்திருந்தா, அவனையும் மைக்ல கூப்பிட்டு ஆல்பமான்னுதான் கேட்டிருப்பீங்க.