இது ஃப்ளை அல்ல, துடைப்பம்

டிரவுட் மீன் பிடிப்பதற்காகத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சியைப் போலச் செய்யும் போலி இரைக்கு ஃப்ளை என்று பெயர். அதில் ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்’ என்ற வகையில் ஒரு டஜன் வாங்கினேன். டப்பாவின் மேல் ‘பாரம்பரிய வெட் ஃப்ளை’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஏப்ரல் மாதத்து முதல் சனிக்கிழமை, யார்க்ஷயரில் பர்ன்சால் ஊருக்கு மேலே வார்ஃப் ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நின்று அதில் ஒன்றை எறிந்தபோது, தண்ணீருக்குள் மூழ்க வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் கட்டிவரும் அந்த ஃப்ளை, இறகு நுனிகளை நீர்ப்பரப்பில் ஊன்றிக்கொண்டு தக்கையைப் போல மிதந்து போனது. இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவதை வாயில் வைத்து எச்சிலில் ஊறவைத்து எறிந்தேன்; அதுவும் மூழ்க மறுத்தது. அன்று எரியத் தொடங்கிய வயிறு இன்னும் அடங்கவில்லை.

டிரவுட் மீனைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. குளிர்ந்த ஆறுகளில் வாழும் மீன் அது. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டதும் இந்தக் குடும்பத்து மீன்தான். ஆற்றடிக் கற்களுக்கிடையே வளரும் இளம்பூச்சிகள், சிறகு விரித்துப் பறப்பதற்காக மேலே எழும்பி வரும் வழியிலும், நீர்ப்பரப்பை ஒட்டித் தோலை உரிக்கத் திணறும் சில நொடிகளிலும் இந்த மீனுக்கு எளிதில் இரையாகின்றன. அந்த நொடிகளை மீனுக்குக் காட்டுவதுதான் வெட் ஃப்ளையின் வேலை. சிறிய தூண்டில் முள்ளின் மேல் பட்டு நூலைச் சுற்றி உடல் செய்து, தலைப் பக்கத்தில் மென்மையான பறவை இறகு ஒன்றை ஒன்றரைச் சுற்றோ இரண்டு சுற்றோ சுற்றினால் வட இங்கிலாந்து ஃப்ளை முடிந்துவிடும். அந்த இறகின் இழைகள் நீரோட்டத்தில் மடங்கி விரிந்து அசைகின்றன. மீன் நம்புவது அந்த அசைவைத்தான். இறகைக் கூட்டினால் இழைகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்கும், அசைவு போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் மிதந்த ஃப்ளைகளில் ஒன்றை, முள்ளை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டி, சவர பிளேடால் தலையிலிருந்த வார்னிஷைச் சுரண்டி, சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன். ஆறு சுற்று இறகு வந்தது. அதுவும் கௌதாரி இறகு அல்ல; பழுப்புச் சாயம் ஏற்றிய சேவல் கழுத்து இறகு, விரலால் நீவினால் தென்னை ஈர்க்குப் போல விறைத்து நிற்கிறது. பார்ட்ரிட்ஜ் என்றால் கௌதாரி. பெயரிலேயே இருக்கும் பறவையைப் பொருளில் காணோம் என்றால் அதற்கு அந்தப் பெயரை வைப்பதற்கு என்ன உரிமை இருக்கிறது? முள்முனைக்கு நேர் மேலேயே நின்றிருக்க வேண்டிய உடல், வளைவையும் தாண்டி இறங்கியிருந்தது. பட்டு இருக்க வேண்டிய இடத்தில் தடித்த பாலியஸ்டர் நூல் இருந்தது. ஆரஞ்சுப் பட்டு நனைந்தவுடன் இருண்டு, உள்ளேயிருந்து ஒளிர்வதைப் போன்ற ஒரு செம்பழுப்புக்கு வரும். அந்த நிற மாற்றத்தை நம்பித்தான் பழைய ஆட்கள் பட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பாலியஸ்டரோ காய்ந்தபோது இருந்த அதே பளபளப்பில் நனைந்த பிறகும் இருக்கிறது.

ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரப்பி, நான் கட்டியதையும் கடையில் வாங்கியதையும் ஒவ்வொரு தூண்டில் நரம்புத் துண்டில் கட்டி அருகருகே தொங்கவிட்டு மெல்ல ஏற்றி இறக்கினேன். என்னுடையது ஏறும்போது இழைகள் பின்னால் மடங்கி உடலோடு ஒட்டின, நிறுத்தியதும் விரிந்தன. மற்றது ஏறும்போதும் இறங்கும்போதும் நிற்கும்போதும் சட்டி தேய்க்கும் தூரிகையாகவே இருந்தது.

இது இன்று முளைத்த நோய் அல்ல என்பதுதான் என் ஆத்திரத்தை இரட்டிப்பாக்குகிறது. ஸ்காட்லாந்துத் தூண்டில்காரரான டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857-இலேயே, புழக்கத்தில் இருக்கும் ஃப்ளைகள் அளவுக்கு மீறிப் புதராக இருக்கின்றன என்றும், தெளிந்த நீரில் நம்பிப் பயன்படுத்தத் தக்கவை கடைகளில் அரிதாகவே கிடைக்கின்றன என்றும் எழுதிவிட்டார். நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டது. அவர் கண்டித்த அதே புதரை, அவர் காலத்து மரபின் பெயரைச் சொல்லியே நமக்கு விற்கிறார்கள்.

கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். இறகைக் குறைத்தால் வாங்குகிறவர்கள், காசுக்கு ஏற்ற பொருள் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்களாம். டப்பாவில் பார்க்க ‘நிறைவாக’ இருக்க வேண்டுமாம். அப்படியென்றால் இந்த ஃப்ளை யாரைப் பிடிப்பதற்காகக் கட்டப்படுகிறது? காய்ந்த உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் மனிதனைப் பிடிப்பதற்காகத்தானே? மீன் இறகை எடைபோட்டு வாங்குவதில்லை. வாங்குகிறவர்களிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது. மெலிந்திருப்பதைக் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்து தேடுகிறவனுக்கும் அது கிடைக்காமல் செய்துவிடுகிறார்கள்.

மற்ற ஃப்ளைகளும் தப்பவில்லை. ‘வாட்டர்ஹென் ப்ளோவா’ என்று ஒன்று உண்டு. ‘ப்ளோவா’ என்பது ஈய நிறத்தைக் குறிக்கும் வட இங்கிலாந்து வட்டாரச் சொல். தாழைக்கோழியின் இறக்கைக்கு அடியிலுள்ள சாம்பல் நிறச் சிற்றிறகை மஞ்சள் பட்டு உடலின் தலைப் பக்கத்தில் சுற்ற வேண்டும். மோல் என்னும் மண்குடையும் சிறு விலங்கின் மயிரை அந்தப் பட்டின் மேல் மூச்சுக்காற்றுப் பட்டதைப் போல மிக மெல்லியதாகத் தூவ வேண்டும், மஞ்சள் அதன் வழியே தெரிய வேண்டும். கடையில் கிடைப்பதில் மஞ்சளே தெரியாது. கம்பளி நூல் சுற்றிய விரலைப் போல் இருக்கிறது. 1854-இல் டர்ஹம் பாதிரியார் கிரீன்வெல்லுக்காக ட்வீட் ஆற்றங்கரை ஸ்பிரௌஸ்டனில் ஜேம்ஸ் ரைட் கட்டிக் கொடுத்த ‘கிரீன்வெல்ஸ் குளோரி’க்கு, கரிச்சான் நிறத்து பிளாக்பேர்ட் பறவையின் மெல்லிய இறக்கைத் துண்டுதான் சிறகாக இருந்தது. இன்று அதன் முதுகில் வாத்து இறகை அட்டைத் துண்டைப் போல ஒட்டி நிறுத்துகிறார்கள். நீரில் விட்டால் அது பம்பரமாகச் சுழன்று நரம்பையே முறுக்கிவிடுகிறது.

நீயே கட்டிக்கொள்ளேன் என்பீர்கள். கட்டத்தான் செய்கிறேன். அதற்கு இறகு வேண்டாமா? கௌதாரி இறகு என்று விலை கொடுத்து வாங்கிய பாக்கெட்டை வெள்ளைத் தாளில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். 14-ஆம் எண் முள்ளுக்கு ஏற்ற, முள்வாயின், அதாவது முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியின், அகலத்தைக் காட்டிலும் சற்றே நீண்ட இழை கொண்ட சிற்றிறகுகள் பறவையின் கழுத்திலும் மேல்முதுகிலும்தான் இருக்கும். என் பாக்கெட்டில் அப்படிப்பட்டவை ஏழு இருந்தன. மற்றவை அனைத்தும் விலாப்பக்கத்துப் பெரிய இறகுகளும் பஞ்சும் நுனி ஒடிந்தவையும்தான். நல்லவற்றைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை அள்ளிப் போட்டுத் தைத்துவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யார்க்ஷயரில் டிரவுட் பருவம் மார்ச் 25-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடிகிறது. தொடக்க வாரங்களில் பெரிய கருநிற ஆலிவ் பூச்சிகள் நண்பகலையொட்டிச் சிறிது நேரம் மட்டுமே எழும்பும். சில நாட்களில் அரைமணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். அந்த நேரத்துக்காகத்தான் ஒருவன் விடியலில் எழுந்து வண்டியேறி, விரல் மரத்துப்போகும் குளிர்நீரில் காத்து நிற்கிறான். கண்ணெதிரே மீன்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. நரம்பை முள்ளின் காதில் கோக்கப் பார்த்தால் காது வார்னிஷால் அடைபட்டிருக்கிறது. அடுத்ததை எடுத்தால் அதுவும் அடைபட்டிருக்கிறது. ஒரே நரம்பில் மூன்று ஃப்ளைகள் கட்டும் வழக்கத்தில் மூன்று காதுகளையும் ஊசியால் குத்தித் திறந்து முடித்தபோது ஆறு அமைதியாகிவிட்டிருந்தது. வார்னிஷ் காயுமுன் காதில் ஓர் இறகுத் தண்டை நுழைத்து இழுத்தால் போதும், இரண்டு நொடி வேலை. அந்த இரண்டு நொடியை அவர்கள் மிச்சப்படுத்தியதற்கு என் ஒரு வாரக் காத்திருப்பு பலியானது.

இவற்றைக் கட்டும் கைகளின் மீது எனக்குக் குறையே இல்லை. கென்யாவிலும் இலங்கையிலும் தாய்லாந்திலும் விற்பனைக்கு ஃப்ளை கட்டுகிறார்கள். நாள் முழுவதும் ஒரே அளவில், ஒரே விகிதத்தில் கட்டும் அந்தத் திறமை எனக்குக் கைவராது. ஆறு சுற்று என்று மாதிரி அனுப்பினால் ஆறு சுற்றுக் கட்டுவார்கள், இரண்டு என்றால் இரண்டு. தவறு அந்த மாதிரியை அனுப்புகிறவரிடம் இருக்கிறது. இரண்டு சுற்றுக்கு ஆறு சுற்றின் விலையையே வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறேன். கௌதாரி என்று எழுதினால் கௌதாரி இறகை வையுங்கள், இல்லையென்றால் சாயமேற்றிய சேவல் இறகு என்று எழுதுங்கள். விற்குமிடத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து, வாங்குகிறவர் ஃப்ளையை அதில் நனைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கட்டும்.