ரசத்தில் போடுகிற மஞ்சளும் டப்பாவில் வருகிற மஞ்சளும்

மழைக்காலம் பிறந்து டெங்கு வந்துவிட்டால் எங்கள் லேப் கவுன்டரில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பிளேட்லெட் ஏறணும், என்ன குடுக்கலாம்?" மற்ற மாதங்களில் வேறு கேள்வி. "ஸ்டென்ட் வெச்சிருக்காங்க, ரத்தம் மெலிசா இருக்கணும், என்ன சாப்பிடலாம்?" இரண்டுக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பதில் மஞ்சள். ஒரே பொருள் பிளேட்லெட்டை ஏற்றவும் செய்யும், அடக்கவும் செய்யும் என்றால் அது எப்படி என்று யாருமே கேட்பதில்லை. வடபழனி பக்கம் பல வருஷமாக ரத்தம் எடுக்கிற வேலையில் இருப்பவள் நான். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவுகிற தட்டணு. அது எத்தனை இருக்கிறது என்பது ஒரு விஷயம். இருப்பது ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது வேறு விஷயம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை இருக்க வேண்டும். எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்து 7 முதல் 10 நாள் வரை ரத்தத்தில் சுற்றும். ரத்தக்குழாயில் எங்காவது அடிபட்டால் அங்கே போய் ஒட்டிக்கொண்டு, மற்ற பிளேட்லெட்டுகளையும் கூப்பிட்டுச் சேர்த்து அடைக்கும். அப்படிக் கூப்பிடுவதற்கு அது வெளியிடுகிற முக்கியமான பொருள் திராம்பாக்சேன் ஏ2. அதை உண்டாக்கும் காக்ஸ்-1 என்ற நொதியைத்தான் ஆஸ்பிரின் முடக்குகிறது. பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது, புதிதாக நொதி செய்துகொள்ள வழியில்லை. அதனால் ஆஸ்பிரின் பட்ட பிளேட்லெட் சாகிறவரை அப்படியேதான் இருக்கும். ஆனால் எண்ணிக்கை குறையாது. நாங்கள் போடுகிற சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணுகிற டெஸ்ட், எண்ணிச் சொல்லும், அவ்வளவுதான். வேலை நடக்கிறதா என்று அதில் தெரியாது.

கொஞ்ச நாள் முன்பு ஒரு பெரியவர் ரத்தம் கொடுக்க வந்தார். ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னேன். பஞ்சு நனைந்தது, மாற்றினேன், மறுபடி நனைந்தது. சட்டைக் கையை இன்னும் மேலே தள்ளிப் பார்த்தால் முழங்கைக்குக் கீழே அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. "சார், என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றேன். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்றார். குளோபிடோக்ரெலும் பிளேட்லெட்டை ஒட்டவிடாமல் செய்கிற மருந்துதான். "வேற ஏதாவது?" "வேற ஒண்ணும் இல்லம்மா." பக்கத்தில் நின்ற அவர் மனைவிதான் எடுத்துக் கொடுத்தார்: "மஞ்சள் கேப்ஸ்யூல் காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மீன் எண்ணெய் மாத்திரையும் உண்டே?" பெரியவருக்கு ஆச்சரியம். "அதெல்லாம் மருந்து இல்லம்மா. ஹெல்த்துக்கு எடுத்துக்கறது."

அன்றைக்கு அவர் பிளேட்லெட் கவுன்ட் இரண்டரை லட்சத்துக்குப் பக்கம். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அந்த நீலத்துக்குக் கேப்ஸ்யூல்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்தாலே அப்படி ஆகும். என் மனசை உறுத்தியது அவர் டாக்டருக்கு அந்தக் கேப்ஸ்யூல் விஷயமே தெரியாது என்பதுதான்.

மஞ்சளில் உள்ள குர்குமின் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது என்று சோதனைக்குழாயில் காட்டியிருக்கிறார்கள். 1980களிலும் 90களிலும் டென்மார்க்கில் ஸ்ரீவஸ்தவா என்ற ஆய்வாளர் மஞ்சள், இஞ்சி, பூண்டு, வெங்காயம், கிராம்பு என்று நம் அஞ்சறைப் பெட்டியையும் காய்கறிக் கூடையையுமே எடுத்துப் பார்த்திருக்கிறார். சாப்பாடு பிளேட்லெட்டைத் தொடும் என்பது வெறும் கதையும் இல்லை. 1980-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான ஒருவரின் பிளேட்லெட் ஆராய்ச்சியின் நடுவே சரியாக ஒட்டாமல் போக, துருவிப் பார்த்ததில் அவர் சாப்பிட்ட சீன உணவில் இருந்த கருப்புக் காளான்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது மறக்க முடியாத சம்பவம்.

பூண்டு விஷயம் இன்னும் சுவாரசியம். அர்ஜென்டினாவில் செய்த ஒரு ஆய்வு 2007-ல் வெளியானது. முழுப் பல்லாக 6 நிமிஷம் கொதிக்கவிட்டால் பிளேட்லெட்டை அடக்கும் சக்தி போய்விடுகிறது. முதலில் இடித்துவிட்டுக் கொதிக்கவிட்டால் கொஞ்சம் மிஞ்சுகிறது. பூண்டைத் தட்டிப்போட்டு ரசம் வைக்கிற நம் வீட்டுப் பெண்கள் யாரும் இதைப் படித்துவிட்டு வைக்கவில்லை.

அதற்காக ரசத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். நாலு பேர் உள்ள வீட்டில் சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 3 கிராம் மஞ்சள் தூள் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் குர்குமின் 90 மில்லிகிராம். ஆளுக்கு இருபத்து சொச்சம். அதிலும் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். இனி கேப்ஸ்யூலை எடுங்கள். 500 மில்லிகிராம், 95 சதவீதம் என்று போட்டிருக்கும். ஒன்றில் 475 மில்லிகிராம். ஒரு கேப்ஸ்யூலுக்குள் ஐந்து டீஸ்பூன் மஞ்சள் தூளின் குர்குமின்! காலையும் இரவும் என்றால் பத்து டீஸ்பூன். எந்தப் பாட்டியும் இந்த அளவில் சமைத்ததில்லை.

லேபிளில் பைப்பரின் என்ற பெயரையும் தேடுங்கள். மிளகின் காரம் அது. 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேரும் குர்குமின் 2000 சதவீதம் கூடியது. விளம்பரத்தில் இதைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். குர்குமினை உடம்பு கழித்துக்கட்டும் வழியைப் பைப்பரின் அடைப்பதால்தான் இப்படி ஆகிறது. வேறு சில மருந்துகளும் அதே வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்பதை யாரும் போடுவதில்லை.

நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்துவந்த ஒருவர் மஞ்சள் சார்ந்த ஒரு தயாரிப்பைத் தொடங்கிய பிறகு அவருடைய ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) 10-ஐத் தாண்டிவிட்டது. சாதாரணமாக 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். வார்ஃபரின் பிளேட்லெட்டைத் தொடுவதில்லை, வைட்டமின் கே வழியாக உறைதல் காரணிகளைக் குறைக்கிறது. இரண்டும் வேறு பாதை என்றாலும் ரத்தக்கசிவு என்று வந்தால் சேர்ந்துகொள்ளும். (கீரை சாப்பிடலாமா என்று வார்ஃபரின், அதே வகை மருந்தான அசிட்ரோம் எடுப்பவர்கள் கேட்பார்கள். சாப்பிடலாம். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றாமல், வழக்கமான அளவிலேயே போங்கள்.)

டெங்கு விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் தெருவில் பப்பாளி மரங்கள் மொட்டையாக நிற்கும், இலை எல்லாம் சாறு பிழியப் போயிருக்கும். பப்பாளி இலையால் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது என்று சில சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் டெங்குவில் இறங்கிய பிளேட்லெட் சில நாளில் தானாகவே ஏறிவிடும். காய்ச்சல் விட்ட பிறகு வருகிற ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தானது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும், வயிறு வலிக்கும், வாந்தி நிற்காது. அந்த நேரத்தில் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இலைச்சாறு கொடுத்துக்கொண்டிருப்பதைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் குழந்தைக்கு ஆஸ்பத்திரிதான் வேண்டும். டெங்கு என்று சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், புரூஃபென் கூடாது, பாராசிட்டமால் மட்டும். குர்குமின் கேப்ஸ்யூலையும் அப்போது தள்ளி வையுங்கள். மஞ்சள் போட்ட பால் குடித்தால் ஒன்றும் ஆகாது.

இன்னொன்று. ஊதா மூடிக் குழாயில் உள்ள வேதிப்பொருளால் சிலருக்குப் பிளேட்லெட் குழாயிலேயே கட்டிக்கொள்ளும். மெஷின் 40,000 என்று காட்டும். ஸ்லைடில் பார்த்தால் கொத்துக் கொத்தாகத் தெரியும். நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்தால் பெரும்பாலும் சரியான எண் வந்துவிடும். காய்ச்சலோ ரத்தக்கசிவோ எதுவும் இல்லாமல் திடீரென்று குறைவாக வந்தால் ஸ்மியர், அதாவது ரத்தத்தை ஸ்லைடில் தடவி, பார்த்தீர்களா என்று லேபில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மஞ்சளைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கினார்கள். நம் நாட்டு ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையெல்லாம் எடுத்துக் காட்டி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் இந்தக் கேப்ஸ்யூல்களால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். உடம்பில் வேலை செய்கிற அளவுக்கு வீரியம் ஏற்றிவிட்டால் அது மருந்து. மருந்துக்குக் கொடுக்கிற ஜாக்கிரதையை அதற்கும் கொடுக்க வேண்டும்.

இதைப் படிக்கிற டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். "வேற மருந்து எடுக்கறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். "ஹெல்த்துக்குன்னு ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேளுங்கள். நான் இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறேன். கேப்ஸ்யூல், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், சூரணம் என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது.

ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். பல் பிடுங்கவோ கண் ஆபரேஷனுக்கோ போனாலும் அந்தப் பை கூடவே போகட்டும்.